கிராணியாரின் கோயில் நேரம்

எங்கள் கேப்டனின் கைக்கடிகாரம் இருந்த இடம் என் வலது காலுறை. ஆட்டம் தொடங்குமுன் அதைக் கழற்றி ஒரு கைக்குட்டையோடு என்னிடம் நீட்டுவார். நான் கோல்கீப்பர், அதிகம் ஓடாதவன் என்பதால் எனக்கு அந்தப் பதவி. கணுக்காலுக்கு மேல் அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு அடிபடக் கூடாதே என்று வலது பக்கம் பாயவே எனக்குத் தயக்கம். ஒருமுறை அந்தப் பக்கமாகவே கோல் வாங்கிவிட்டு, "கடிகாரமா கோலா, எது அண்ணே முக்கியம்?" என்று எரிந்து விழுந்தேன். "ரெண்டும்தான்லா தம்பி" என்றார், சிரிக்காமல்.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்துவைத்திருந்த காலம் அது. சாலையில் நிற்கும் சிப்பாய்கள் மணிக்கட்டைப் பார்த்தாலே கடிகாரத்தைக் கழற்றிக்கொள்வார்கள். எங்கள் பதினோரு பேரில் கடிகாரம் மிஞ்சியது கேப்டனிடம் மட்டும்தான். அவர் ஜப்பானியர் நடத்திய ஓர் அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல்களைத் தட்டச்சு செய்யும் குமாஸ்தா, எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணி. ஊரே அவரைக் கிராணியார் என்றது. "அஞ்சு மணின்னா அஞ்சு மணி. அஞ்சே கால் வேற மணி" என்பார். ஐந்து நிமிஷம் பிந்தி வந்ததற்காக ஒருமுறை என்னைப் பாடாங் மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டவர். அன்று மனசுக்குள் நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அந்த நாளில் எங்கள் ஊரில் இரண்டு விதமான நேரம். ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோவைப் பார்த்துக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவிட்டான். அலுவலகம், ரயில், பந்தாட்டம் எல்லாம் புது நேரம். அடுப்படியும் கோயிலும் பழைய நேரம். எதைச் சொன்னாலும் "புதுசா பழசா?" என்று கேட்டாக வேண்டும். கிராணியார் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பூசைக்குப் போகும்போது முள்ளைப் பின்னுக்குத் திருப்பிக்கொள்வார். இறங்கி வந்ததும் மறுபடி முன்னுக்கு. "முருகனுக்கு எதுக்குலா தோக்கியோ நேரம்?" என்பார்.

அந்த வருஷம் மலாயா முழுவதற்கும் ஒரு கோப்பை என்று அறிவித்தார்கள். தோற்றால் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பினாங்கில் கடைசி வரை ஜெயிக்கும் குழு சிங்கப்பூர் போய் ஆடலாம், ஆளுக்கு ஒரு மூட்டை அரிசியும் உண்டு என்றார்கள். அரிசி! மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று என் அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. சோறு கிடைத்தால் வீக்கம் வடியும் என்று ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். எனக்குக் கோப்பையா பெரிசு? அந்த மூட்டைக்காகத்தான் பாய்ந்து பாய்ந்து பந்தைப் பிடித்தேன். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம், இரண்டாவதிலும் ஜெயித்தோம். அரையிறுதி வந்தது.

அன்று புது நேரப்படி ஐந்து மணிக்கு ஆட்டம். எல்லோரையும் தண்ணீர்மலை அடிவாரத்துக்கு வரச்சொல்லியிருந்தார் கிராணியார். பூசை முடிந்து இறங்கி வந்தவர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் சாய்வதைப் பார்த்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நேரமாகலையா அண்ணே?" என்றேன். கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் இருக்கு, உக்காருலா" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். உட்கார்ந்தோம்.

பாடாங் வாசலில் வழக்கம்போலக் கடிகாரத்தை நீட்டினார். கைக்குட்டையில் சுற்றிக் காலுறைக்குள் செருகிக்கொண்டு உள்ளே ஓடினேன். மைதானம் காலி. நீங்கள் வராததால் எதிர்க்குழு ஜெயித்ததாக அறிவித்தாகிவிட்டது, எல்லோரும் போய்விட்டார்கள் என்றார் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரர். கிராணியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோயில் நேரத்துலயே விட்டுட்டேன்பா. முள்ளைத் திருப்ப மறந்துட்டேன்" என்றார்.

நான் பேசிய பேச்சு இன்றும் என் நாக்கைச் சுடுகிறது. "எங்கம்மா சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே, நீங்கள்லாம் ஒரு கேப்டனா!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். கடிகாரத்தை உருவி அவர் காலடியில் எறிந்தேன். அவர் குனிந்து எடுத்துத் தூசியைத் துடைத்தார். மறுநாளிலிருந்து அவர் தெருவில் போனாலே "கிராணியாரே, மணி என்ன?" என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கேலி செய்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பினாங்கின் கடைசி ஆட்டம். எங்கள் இடத்தில் அந்த எதிர்க்குழு அதில் ஆடியது. ஆட்டம் முடிந்ததும் அரிசி மூட்டை வரவில்லை, லாரிகள் வந்தன. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திடகாத்திரமான இளைஞர்கள் வேண்டும், பந்தாட்டக்காரனைவிடத் திடமானவன் யார்? இரண்டு குழுவையும் அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஊரே எங்கள் அதிர்ஷ்டத்தைப் பேசியது. "திட்டுன வாயோட போய் அவரு கால்ல விழுந்துட்டு வாடா" என்றார் அம்மா. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அன்று வாசலில் கைக்குட்டைக்குள் சுற்றும்போது நான் அந்தக் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அது ஆறரை காட்டியது; உள்ளே ஓடும் அவசரத்தில் மனசில் பதியவில்லை. கோயில் நேரமானால் ஐந்தல்லவா காட்டியிருக்க வேண்டும்? முள் திருப்பியாகியிருந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவருக்குச் சரியான மணி தெரிந்திருந்தது.

வாய் திறக்கவில்லை நான். திறந்திருந்தால் அவர் தலை போயிருக்கும். சண்டை முடிந்து, நின்றுபோன கோப்பைப் போட்டிகள் மறுபடி தொடங்கிய முதல் நாள், "கோயில் நேரமா கிராணியாரே?" என்று பையன்கள் சிரிக்க, அவரும் சிரித்துக்கொண்டே கடிகாரத்தை என்னிடம் நீட்டினார். "அன்னைக்கும் இது புது நேரம்தான் காட்டுச்சு அண்ணே" என்றேன் மெதுவாக.

அவர் சிரிப்பு நின்றது. குனிந்து, கடிகாரத்தைத் தானே என் காலுறைக்குள் வைத்து மேலே இழுத்துவிட்டார். "கடைசி ஆட்டத்துக்கு வர்ற ரெண்டு டீமையும் எடுக்கணும்னு பேப்பர் என் மேசைக்கு வந்துச்சு. அரையிறுதியில நம்மகூட ஆட வேண்டியவங்க கேப்டன்கிட்டயும் சொல்லத்தான் போனேன். பக்கத்துல உளவு சொல்றவன் நின்னான். திரும்பிட்டேன்." காலுறையின் மடிப்பை நீவிவிட்டார். "சயாம் போனதுல மூணு பேருதான் திரும்பி வந்தாங்க. மத்தவங்களோட அம்மா என்னைப் பாத்து, தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? மறந்துட்டேன்னே இருக்கட்டும்லா தம்பி."

"சரி அண்ணே" என்று வாக்குக் கொடுத்தேன். அப்படியே இருந்தது. அம்மாவின் கால் வீக்கம் சண்டை முடிந்து அரிசி வந்த பிறகு வடிந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் முதலில் கிராணியார் வீட்டுக்குத்தான் எடுத்துப் போனேன். ஏன் என்று என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அவர் இறந்த அன்று, பாடையைத் தூக்கப் பிந்தியபோது, "மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் கோயில் நேரம்தான்" என்று யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தாய்மார்களில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. எங்கள் பதினோரு பேரில் நான் மட்டும்தான் மிச்சம். உட்கார்ந்து எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் வலது கணுக்காலுக்கு மேல் சில நேரம் அந்த டிக் டிக் கேட்கிறது. அவருக்குக் கொடுத்த வாக்கை இன்று மீறுகிறேன், மன்னிக்கட்டும். எங்கள் கிராணியார் ஒரு நாளும் மணியைத் தப்பாகப் பார்த்ததில்லை.