மில்லுச் சங்கின் சுருதி

மகளின் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டி முறுக்கினேன். கம்பி முனகிக்கொண்டே மேலேறியபோது, என் காது தானாகவே அருப்புக்கோட்டை மில்லுச் சங்குக்குக் காத்திருந்தது.

எழுபதுகளில் எங்கள் தெருவில் அம்மாவிடம் மட்டும்தான் கிட்டார் இருந்தது. பினாங்கிலிருந்து மாமா கொண்டுவந்தது. கம்பி மாற்றிய அன்று சாயங்காலச் சங்கு ஊதும்வரை அதை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். அடுப்பில் குழம்பு கொதித்து வழிந்தாலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சங்கு ஏறி நிலைத்ததும், கம்பியை முறுக்கி அந்தச் சத்தத்தோடு சேர்த்துவிடுவாள்.

திருச்சுழியில் சித்தி கல்யாணத்தில் அம்மா வாசிக்க உட்கார்ந்தாள். ஆர்மோனியக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"தாயி, ஒங்க சுருதி எறங்கி நிக்கிது."

"இது எங்க மில்லுச் சங்குக்குச் சேத்த சுருதி, அண்ணே. ஊரே அதுக்குத்தான் எந்திரிக்குது. ஒங்க பெட்டிய மூடி வைங்க."

அவர் மூடினார். அன்றைய பாட்டெல்லாம் அம்மாவின் கிட்டாரோடுதான் நடந்தது.

காதில் நின்ற அந்தச் சங்குக்கே சேர்த்து, நான் கம்பியை மீட்டினேன். சுருதி காட்டும் செயலியைத் திறந்து மகள் போனை நீட்டினாள். திரை சிவந்தது.

"அப்பா, கீழ நிக்குதே!"

"போன மூடி வைம்மா" என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன்.