ஃப்ளெக்ஸில் எனக்கு இடமில்லை

வேலை வாங்கித் தருகிறேன் என்று பொய் சொல்பவனுக்கு இந்த ஊரில் சால்வை போடுகிறார்கள். வேலையை நீயே வாங்கிக்கொள்ளச் சொல்லித்தருகிறேன் என்று உண்மையைச் சொல்பவனை மேலும் கீழும் பார்க்கிறார்கள். இரண்டாவது ஆள் நான்.

பழங்காநத்தத்தில் ஒரு மாடி அறை. ஒரு செல்போன், அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு, முகத்துக்கு நேரே ஒரு வட்ட விளக்கு. இவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். பயோடேட்டா எழுதுவது, இன்டர்வியூவில் பேசுவது, சம்பளம் கேட்பது, எல்லாம் மூன்று வாரத்தில் ஆன்லைனில். நான் பெரிய படிப்பாளி இல்லை. பதினைந்து வயதில் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போனவன். பிறகு கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் பத்து வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நல்ல பிள்ளைகள் வாயைத் திறக்காமலே வேலையைக் கோட்டை விட்டதைக் கண்ணால் பார்த்தவன். பேரம் பேசாமல் இதுவரை நான் வாங்கியது அடி மட்டும்தான். போனுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து தொண்டை கிழியப் பேசிப் பிழைக்கும் என் இனத்தாரே, டியூஷன் எடுப்பவரே, யோகா சொல்லித்தருபவரே, கேளுங்கள் இந்தக் கொடுமையை.

அப்பாவுக்கு இன்டர்வியூ

முதல் பேட்சில் அழகுமீனா என்று ஒரு பெண். அவனியாபுரம். கெமிஸ்ட்ரி படித்தவள், சூட்டிகை. அவள் அப்பா தவமணி அங்கேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மாதிரி இன்டர்வியூ அன்று, "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன். மீனா வாயைத் திறக்குமுன் திரையின் இடது ஓரத்தில் அரை மீசை ஒன்று முளைத்தது. "பேரு அழகுமீனா சார். பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவது" என்றது மீசை. அவரை நகரச் சொன்னேன். நகர்ந்தார். "உங்களிடம் இருக்கிற ஒரு குறை என்ன?" என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். இது எல்லாக் கம்பெனியிலும் கேட்கிற கேள்வி, பதிலும் சொல்லிக்கொடுத்திருந்தேன். மறுபடி மீசை. "நம்ம புள்ளகிட்ட ஒரு குறையும் கெடையாது சார். தெருவுல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. "ஐயா, நான் ஒண்ணும் பொண்ணு பாக்க வரல, இது வேலைக்கான இன்டர்வியூ!" என்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் நன்றாக உட்கார்ந்துகொண்டு, பொறுமையாகச் சொன்னார்:

"அன்னைக்கு நானும் கூடத்தான சார் வருவேன்? பக்கத்துல ஒரு சேரு போடச் சொல்லிருங்க."

கண் பட்டுரும்

நம் தொழிலில் கடை கிடையாது, போர்டு கிடையாது. ஏற்கெனவே படித்தவன் ஒருவன், "இந்த ஆள்கிட்டப் படிச்சேன், வேலை கிடைச்சது" என்று முகத்தைக் காட்டி ஒரு நிமிடம் பேசினால்தான் அடுத்த பேட்ச் சேரும். முதல் பேட்சில் பதினோரு பேர் படித்து நான்கு பேருக்கு வேலை கிடைத்தது. நான்கு வீடியோ கையில் என்று குதித்தேன். ஒன்றுகூட வரவில்லை. ஏன் தெரியுமா? வேலை கிடைத்ததை வெளியே சொன்னால் கண் பட்டுவிடுமாம்! ஒருத்தி வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டியிருக்கிறாளே தவிர, என் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

திருநகர் சரவணனைத்தான் மலைபோல் நம்பினேன். என் அறைக்கே வந்து கண்கலங்கி நன்றி சொன்ன பையன். அதையே போனைப் பார்த்துச் சொல்லுடா என்றால், "மொத மாசச் சம்பளம் வரட்டும்ணே" என்றான். வந்தது. "வேல நிரந்தரம் ஆகட்டும்ணே" என்றான். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அதுவும் ஆனது. விளக்கைப் போட்டு, போனை நிறுத்தி, நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அதற்கு அவன் சொன்னது:

"கல்யாணம் முடியட்டும்ணே, அப்பறம் யாரு கண்ணு பட்டா எனக்கென்ன?"

தீபாவளி வரைக்கும்தான்

இரண்டாவது பேட்சுக்கு மூன்று பேர். மூன்றாவது பேட்சுக்கு ஆளே இல்லை. வட்ட விளக்கை எரியவிட்டு நானே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி செல்வி சத்தம் போடுகிற ஆள் இல்லை. காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தீபாவளி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள ஒரு பேட்ச் சேரலைன்னா அண்ணன் கடைக்குப் போயிருங்க" என்றாள். அவள் அண்ணனுக்குப் பைபாஸ் ரோட்டில் டைல்ஸ் கடை. எனக்காக ஒரு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டாராம்.

பத்து வருடம் அடுத்தவன் ஏஜென்சியில் கைகட்டி நின்றது போதும் என்றுதான் இதை ஆரம்பித்தேன். மறுபடியும் ஒருவர் கடையில், அதுவும் மச்சான் கடையில், "வாங்க மாப்ள" என்பதற்கும் "எந்திரிங்க மாப்ள" என்பதற்கும் நடுவில் வாழ்வதா? அவரிடமே போய் எகிறினேன். "என்கிட்டப் படிச்சவன் வேலைக்குப் போறான் மச்சான்! சரக்கு நல்ல சரக்கு! வாங்கிட்டுப் போறவன் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்!" அவர் ஒரு டைல்ஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அதான் மாப்ள சொல்றேன், டைல்ஸுன்னா வாங்குனவன் வீட்டுல பதிச்சுத்தான ஆகணும், ஒளிச்சா வைக்க முடியும்?"

நீங்க பாத்துக் குடுங்க

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை மீனா. அவளுக்கும் இன்னும் வேலை கிடைக்கவில்லை, ஆனால் விடாமல் பயிற்சிக்கு வந்தாள். வேலை கிடைத்தால் வீடியோவில் பேசுகிறேன் என்று அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டுப் பழக்கினேன். "நீங்க பாத்துக் குடுங்க சார்" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "பாத்துக் குடுக்கிறதுக்கு அவன் என்ன ஒனக்குத் தாய்மாமனா? ஷேர் ஆட்டோக்காரன் அஞ்சு ரூபா கூடக் கேட்டா பாத்து வாங்கிக்கங்கன்னா சொல்லுவ? மல்லுக்கு நிக்க மாட்ட?" நம் ஊர் வழக்கம் அது. கத்திரிக்காய்க்குக் கால் மணி நேரம் வாதாடுகிறவர்கள், சொந்த உழைப்புக்கு விலை சொல்ல வெட்கப்படுகிறார்கள். அவன் சிறு தொகை சொன்னால் பேசாமல் இரு, மனசுக்குள் பத்து வரை எண்ணு, பிறகு உன் தொகையைச் சொல் என்று எண்ணி எண்ணிப் பழக்கினேன்.

ஓசூரில் போய் அப்படியே செய்திருக்கிறாள். பத்து வரை எண்ண வேண்டியதே இல்லையாம், ஏழிலேயே அந்த மேனேஜர் ஏற்றிவிட்டாராம். அவள் எண்ணி முடித்துவிட்டு, தான் நினைத்திருந்த தொகையைச் சொல்லி அதையும் வாங்கிவிட்டாள். ரயில் நிலையத்திலிருந்தே போன் போட்டாள். எனக்கு நெஞ்சு விம்மிப்போய்விட்டது. "மேனேஜர் சிரிச்சுக்கிட்டே, இதெல்லாம் யாரும்மா ஒனக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாரு சார்" என்றாள். நீ என்ன சொன்ன, என்ன சொன்ன என்று நான் பறந்தேன்.

"எங்க மாமான்னு சொல்லிட்டேன் சார், அப்பா அப்டித்தான் சொல்லச் சொல்லிருக்காரு."

இரண்டு புறா

மாமா என்றால் மீனாவின் தாய்மாமன் சுந்தரம். கோரிப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை. அவளுடைய பயோடேட்டாவை ஐந்து பிரதி எடுத்துக் கொடுத்தது அவர் செய்த உதவி. பெரிய ஆள் யாரோ சொல்லித்தான் வேலை கிடைத்தது என்றால்தான் தவமணிக்கு மரியாதையாம். போனைப் பார்த்துப் படித்துக் கிடைத்தது என்றால் இளப்பமாம். வீடியோவும் வேண்டாம், கண் பட்டுரும் என்று மகளைத் தடுத்துவிட்டார். சரி, போகட்டும் என்று நானும் வயிற்றெரிச்சலோடு இருந்தேன். மீனா வேலையில் சேர்ந்த மறுவாரம் ஒரு வேலையாக அவனியாபுரம் போனால், தெருமுனையில் இருபதடிக்கு ஃப்ளெக்ஸ்! கண் படாதா இப்போது? மீனாவுக்குக் கோட்டு மாட்டி நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். வலது பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு சுந்தரம் மாமா, "பணி பெற்றுத் தந்த பாசமிகு தாய்மாமன்". இடது பக்கம் தெருப் பெரியவர்கள் நான்கு பேர். பட்டறையில் கிரைண்டர் பிடிக்கிற அண்ணன்கூட இருக்கிறார். நான் இல்லை.

நேராகப் பட்டறைக்குள் நுழைந்துவிட்டேன். "சொல்லிக்குடுத்தவன் படம் எங்கய்யா?"

"எடம் பத்தல சார்."

"எடம் பத்தலயா? மேல ரெண்டு புறா பறக்குது. ஒரு புறாவத் தூக்கிட்டு என்னையப் போடுங்க!"

"அது டிசைன்லயே வாரது சார்."

ஜவுளிக்கடையில் கற்ற வித்தையெல்லாம் இறக்கினேன். பாஸ்போர்ட் அளவில் போடுங்கள் என்றேன். சரி, படம் வேண்டாம், பேர் மட்டும் என்றேன். பேரும் வேண்டாம், அச்சடித்தவன் நம்பர் போட்டிருக்கிறானே கொசு எழுத்தில், அதற்குக் கீழே என் நம்பரை மட்டும் என்றேன். இவ்வளவு தூரம் நான் எந்தப் பேரத்திலும் இறங்கிவந்தது கிடையாது. தவமணி டீ வாங்கிக் கொடுத்தார், உட்காரவைத்தார், கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இந்தத் தெருவுல மட்டும் எட்டுப் புள்ளைக வேல தேடுது சார், ஒங்க நம்பரப் போட்டா அம்புட்டுப் பேரும் ஒங்ககிட்ட வந்துரும்ல, எங்க சின்னவ இன்னும் காலேஜு முடிக்கல பாருங்க."

மாமா பேசுறேன்

ஒரு மனிதன் உங்களைவிடச் சிறந்த ஆள் இல்லை என்று ஒத்துக்கொண்டு, அந்தக் காரணத்துக்காகவே உங்களைக் குழிதோண்டிப் புதைத்தால் என்ன செய்வீர்கள்? நான் வட்ட விளக்கைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தேன். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். செல்வி தன் அண்ணன் கடைக்குப் போட்டுப்போக என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு புது நம்பரிலிருந்து போன். "சார், நான்தான் ஃப்ளெக்ஸுல கண்ணாடி போட்டிருக்கிற மாமா பேசுறேன்" என்றது குரல்.

பாவம், மனிதர் அழாத குறை. ஃப்ளெக்ஸைப் பார்த்ததிலிருந்து அந்தத் தெருவே அவர் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறதாம். "எம்புள்ளைக்கும் ஒரு வேல வாங்கிக் குடுங்க" என்று பழத்தட்டோடு வருகிறார்களாம். முடியாது என்றால், "தங்கச்சி மகளுக்கு மட்டும்தான் செய்வீகளா?" என்று சண்டையாம். கடையில் நகல் எடுக்கக்கூட ஆள் நுழைய முடியவில்லையாம். "இத்தன பேரையும் ஒங்ககிட்டயே அனுப்பிர்றேன் சார்" என்றார். நல்லா வேணும் என்று வாய்வரை வந்தது. வெட்கமில்லையா, போட்ட ஃப்ளெக்ஸைக் கிழித்துவிட்டு வா என்று சொல்லப்போனேன். செல்வி சட்டையோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். வாயை மூடினேன். பத்து வரை எண்ணினேன். ஏழாவதில் மாமாவே தொடர்ந்தார்:

"ஆனா சார், வேல கெடச்சா மட்டும் நான் வாங்கிக் குடுத்ததாவே இருக்கட்டும், ஃப்ளெக்ஸு வேற போட்டுட்டாக."

குப்பை வண்டி

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் நான்காவது பேட்ச் ஆரம்பித்தது. ஒன்பது பேர். காலை ஏழரைக்கு வகுப்பு. ஒருவரும் கேமராவைப் போடவில்லை. ஒருவரும் சொந்தப் பெயரில் வரவில்லை. ஒருவர் "கிங்", ஒருத்தி "அம்மு", ஒருவர் வெறும் புள்ளி. சேர்ந்தபோதே ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள், நான் சேர்ந்தது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது என்று. இருட்டுக் கட்டம் ஒன்பதைப் பார்த்து, "எல்லாரும் மைக்கைப் போடுங்க, பேசிப் பழகணும்" என்றேன். போட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் குப்பை வண்டி வந்திருக்கிறது. அதன் பாட்டு ஒன்பது போனிலும் ஒன்றாகக் கேட்டது. முதலில் "கிங்" வீட்டில் சத்தமாக, பிறகு "அம்மு" வீட்டில், பிறகு புள்ளி வீட்டில், வண்டி வீடு வீடாக நின்று போவது எனக்குப் பழங்காநத்தத்திலிருந்தே தெரிந்தது. பின்னாலேயே பட்டறைக் கிரைண்டர் சத்தம்.

ஒன்பதாவது கட்டத்தில் கேமரா தவறுதலாகத் திறந்துகொண்டது. கையில் நோட்டோடு ஒரு சின்னப் பெண். இடது ஓரத்தில் அரை மீசை. "சின்னவ சும்மா கேட்டுக்கிட்டு இருக்கட்டும் சார்" என்றது மீசை. மற்ற எட்டு மைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. மச்சான் கடையில் எனக்காகப் போட்ட நாற்காலியில் இப்போது சாம்பிள் டைல்ஸை அடுக்கியிருக்கிறார்கள்; அந்த நிம்மதியில்தான் நான் கத்தாமல் உட்கார்ந்திருந்தேன். தவமணி திரைக்கு அருகில் வந்து, அந்த எட்டு இருட்டுக் கட்டங்களையும் ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நம்ம தெரு ஆளுக யாரும் இதுல இல்லைல சார்?"

ஆக, அவனியாபுரத்தில் ஒரு தெருவே என்னிடம் படிக்கிறது, அந்தத் தெருவில் ஒருவர்கூட என்னிடம் படிக்கவில்லை.