நான் அழித்த ஒரு வரி

அந்தத் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல்பாதியில் நாங்கள் எழுதும் நிரல். கீழ்பாதியில், நிரல் எழுதும் அதே எடிட்டருக்குள் திறந்துகொள்ளும் டெர்மினல், கணினிக்குக் கட்டளை தட்டும் இடம். கட்டளை கொடுக்க வெளியே போக வேண்டாம். இரண்டாயிரங்களின் நடுவில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில், பக்கத்து மேசைக்காரருக்கு அதைப் பழக்கிவிட்டவள் நான்தான். யாழ்ப்பாணத்துக்காரர். உணவகச் சமையலறைகளில் பல வருடம் வெந்துவிட்டு, நாற்பது வயதில் கணினி படித்து வந்தவர். மதுரைக்காரியான என் வாயில் வந்த "அண்ணா"வை ஒரே வாரத்தில் "அண்ணை" ஆக்கிவிட்டார். அந்த டெர்மினலில் ஒரு வசதி உண்டு. அதில் எல்லாமே வெறும் எழுத்து என்பதால், மேலே போய்ப் பழைய வரிகளையும் அழிக்கலாம். காட்டியபோது முகம் சுளித்தார். "உது கூடாது, தங்கச்சி. நடந்தது நடந்தபடி கிடக்கட்டும்" என்றார். பெரிய நீதிபதி என்று கேலி செய்தேன்.

அவருடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. மனைவி கொழும்பில் காத்திருந்தார். "நிரந்தரம் எண்டு கடதாசி வந்தால்தான் அவவைக் கூப்பிட அன்ராக் போடலாம்" என்பார். அன்ராக் என்றால் ஜெர்மன் மொழியில் விண்ணப்பம். அதை நிரப்பி, மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன் கணினியிலிருந்த சோதனைக் கோப்புகளை அழிப்பதாக நினைத்துக்கொண்டு, வாடிக்கையாளரின் கணினியிலிருந்தவற்றை அழித்துவிட்டார். டெர்மினல் முந்தின நாளிலிருந்தே வாடிக்கையாளரின் கணினியோடு இணைந்திருந்ததை மறந்துவிட்டார். நகல் இருந்ததால் மதியத்துக்குள் மீட்டுவிடலாம். ஆனாலும் முகம் வெளுத்துப்போய் எழுந்து போனார். முகம் கழுவப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் அடித்த அந்த ஒரு கட்டளை வரியைத் திரையிலிருந்து அழித்தேன். அவரைக் காப்பாற்றிவிட்டதாக உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் போனது எங்கள் குழுத் தலைவியின் அறைக்கு. தவறை ஒப்புக்கொண்டு, "நான் அடித்தது அப்படியே திரையில் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று கையோடு அழைத்து வந்தார். திரையில் அது இல்லை. வாடிக்கையாளரின் கணினி தானாகக் குறித்துவைத்த பட்டியலில் இருந்தது. தலைவி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தவறு யாருக்கும் நடக்கும், தடயத்தை அழிப்பவரை நம்பி வேலை கொடுக்க முடியாது என்றார். நீங்கள்தானே அந்த வரியை அழித்தீர்கள் என்று கேட்டதற்கு அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். என் விசாவும் அந்த வேலையோடுதான் ஒட்டியிருந்தது. வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் பெட்டி கட்டினார். இழுப்பறையிலிருந்த விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"அதிலை அழிக்கலாம் எண்டு அங்கை ரெண்டு பேருக்குத்தான் தெரியும், தங்கச்சி. நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ. ஒராள் போனது காணும், ரெண்டு பேரும் போகத் தேவையில்லை."

அவர் மனைவி வந்து சேர்ந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விசாரிக்கத் துணிவு வரவில்லை. இன்று எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். தவறை ஒளிக்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லும் இடத்தில் இருக்கிறேன். அன்று பஸ் நிறுத்தத்தில் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம், பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் வந்தது.