நாய்க்கு வைத்த ஒப்பாரி

மனதில் இல்லாத பாசத்தை வாயில் ஒழுகவிடுகிறவரை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பசப்புக்காரர் என்போம். ஆண், பெண் பேதமில்லை. அந்தச் சொல்லை அதிகம் செலவழித்தவள் நான்தான். எங்களை வேலை வாங்கும் கங்காணி எதிரே வந்து, "என்ன தங்கச்சி, சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனால், அவர் முதுகைப் பார்த்து "பசப்புக்காரன்!" என்று சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

பின்னே? நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவின் கூரைத் தகரம் இற்றுப்போய், மழை நேராகப் பிள்ளையின் தொட்டிலில் விழுந்தது. பிள்ளைக்கு இருமல் விடவில்லை. கேட்கும்போதெல்லாம் கங்காணி, "ஒங் கூரை எங் கூரை இல்லியா? தொரகிட்ட நாளைக்கே சொல்றேன்" என்பார். அந்த நாளை வரவே இல்லை.

அந்த மழையில்தான் வெள்ளைக்காரத் துரையின் நாய் செத்தது. கங்காணியை இரண்டு தடவை கடித்த நாய். பங்களாவுக்குக் கீழே குழி வெட்டி, கொழுந்து எடுப்பதை நிறுத்தி, எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். கங்காணி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, எங்க ராசா!" என்று குலுங்கினார். எங்கள் பக்கம் திரும்பி, "மரமாட்டம் நிக்கிறீங்களே, ஒப்பாரி வைங்க!" என்று பல்லைக் கடித்தார்.

எழவு வீட்டில் யாருக்காக அழுதாலும் அவரவர் குறையைச் சொல்லித்தானே அழுவோம்? நானும் உட்கார்ந்து மாரடித்தேன். "கூரை ஒழுகுதே, எங் கண்ணு நனையுதே, தகரம் போட ஆளில்லையே!" பாடப் பாட, அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன சொல்கிறேன் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். அந்த மகராசன் இங்கிலீஷில் என்னவோ எடுத்துவிட்டார். நாய் மழையில் நனையுமே என்று நான் துடிக்கிறேனாம். பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலமே புத்தம்புதுத் தகரம் வந்து இறங்கியது. நாலு கம்பு நட்டு, நாயின் குழிக்கு மேலே கூரை போட்டார்கள். நல்ல வேலைப்பாடு. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி போய்ப் பார்த்தேன். வயிறு எரிந்தது. அங்கேயே குந்தி, வாய்விட்டு அழுதேன். அந்த வழியாக வந்த கங்காணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"போதும்டி பசப்புக்காரி, தொர உள்ள போயிட்டாரு."