மிச்சமாய் நின்ற தட்டு

நோலீன் டேப்பர் புதுப் புத்தகம் வாங்கினால் உடனே பிரித்துப் படித்துவிட மாட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு நியூசிலாந்தின் டுனீடன் நகரில் பழைய இசைத்தட்டு விற்கும் கடைக்குப் போய், இந்தக் கதைக்கு எந்த ராக் இசைத்தட்டு ஒத்துவரும் என்று பொருத்தம் பார்ப்பாள். பெண்ணைப் பெற்றவன்கூட அத்தனை யோசிக்க மாட்டான். அமைந்துவிட்டால், புத்தகம் முடியும்வரை வீட்டில் அந்த ஒரே தட்டுதான் ஓடும். முடிந்ததும் இரண்டும் அலமாரியில் ஒட்டி நிற்கும். அந்தத் தட்டுக்கு வேறு புத்தகம் கிடையாது, மறுமணம் என்ற பேச்சே இல்லை. எது எதோடு சேர்ந்தது என்பதை எங்கும் எழுதி வைத்ததுமில்லை. அதான் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறதே, அப்புறம் எழுதுவானேன்?

அவள் குடியிருக்கும் போர்ட் சாமர்ஸ் என்ற துறைமுக ஊரின் மேட்டுத் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவளிடம், இந்த வாரம் யாருக்கு யாரோடு கல்யாணம் என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள்.

போன குளிர்காலத்தில் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்தாள். பூனைக்குச் சோறு வைக்கத் தம்பி செல்வின் வந்து போனான். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். துறைமுகத்தில் ஆயுசு முழுக்கக் கப்பல் பெட்டி அடுக்கிய கை, அது சும்மா இருக்குமா? அக்காவின் அலமாரி குப்பையாகக் கிடக்கிறது என்று எண்ணி, புத்தகங்களையெல்லாம் எழுதியவர் பெயர் வரிசையில் ஒரு பக்கமும், தட்டுகளையெல்லாம் குழுவின் பெயர் வரிசையில் மறு பக்கமுமாகப் பிரித்துத் துடைத்துப் பளபளவென்று அடுக்கிவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஊன்றுகோலோடு வீடு திரும்பியவள் அலமாரி முன்னால் நின்றாள். திட்டுவாள் என்று செல்வின் காத்திருந்தான். அவள் திட்டவில்லை, டீ போடச் சொன்னாள். அவனுக்கு அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

அவளுக்கு வந்தது கோபமில்லை, பயம். எந்தப் புத்தகம் எந்தத் தட்டோடு இருந்தது என்று ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவர்களுடைய அம்மாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. ஒருநாள் சமையலறை அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, கோப்பை எங்கே இருக்கும் என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டாள். நோலீனுக்கு மயக்க மருந்தால் கொஞ்ச நாள் மறதி இருக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பயந்த மனசு டாக்டர் சொன்னால் கேட்குமா?

மறுநாள் ஒரு தட்டை எடுத்துப் போட்டாள். இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் தடதடவென்று விழுந்ததும், பனியில் சிக்கிய கப்பல் கண்முன் வந்தது. மாலுமிகள் தோல் செருப்பை வேகவைத்துத் தின்றது வந்தது. ஓடிப்போய், அதாவது நொண்டிப்போய், அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து தட்டின் பக்கத்தில் வைத்தாள். அடுத்த தட்டில் ஆட்டுப் பண்ணைக்காரனின் மூன்று மனைவிகள் வந்தார்கள். அதற்கடுத்ததில் கலங்கரை விளக்கத்துக் கொலை வந்தது. மூளை மறந்ததைக் காது வைத்திருந்தது. ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது.

அலமாரியிலிருந்த எல்லாப் புத்தகத்துக்கும் துணை கிடைத்துவிட்டது. ஒரு தட்டு மட்டும் மிச்சம். வெள்ளை உறை, பெயரில்லை, நடுவில் ஒட்டியிருந்த காகிதமும் தேய்ந்து போயிருந்தது. போட்டாள். கிதார் இழுத்து இழுத்து அழுதது, ஒரு பக்கம்கூடக் கண்ணில் வரவில்லை. திரும்பப் போட்டாள், திருப்பிப் போட்டாள். ஒன்றுமில்லை. அப்படியென்றால் இதற்கு ஒரு புத்தகம் இருந்து, யாருக்கோ கொடுத்து, அப்படியொரு புத்தகம் இருந்ததையே மறந்துவிட்டேனா? பாத்திரம் துடைக்கும் துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு கிளினிக்குக்குப் போன் செய்து, ஞாபகசக்தி சோதனைக்கு நேரம் கேட்டு வாங்கினாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தட்டைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்வின் சூடான சீஸ் ரோல் பொட்டலத்தோடு வாசலிலிருந்தே பாடிக்கொண்டு வந்தான். ஒரு வரி பிசகவில்லை.

"அட, இங்கதான் இருக்கா இது? என் வீடு பூரா தேடிட்டேன்," என்றான்.

நோலீன் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "எது?"

"இந்தத் தட்டுதான். என்னோடது. வெள்ளத்துல அட்டை போயிடுச்சு, வெள்ளை உறை போட்டு வச்சிருந்தேன். உன் அலமாரிய அடுக்கும்போது கேக்கலாம்னு கொண்டாந்தேன். அப்புறம் ஞாபகமே இல்ல, எனக்கு மறதி ஜாஸ்தி."

"இதை நான் இதுக்கு முன்னாடி கேட்டிருக்கேனா?"

"நீ எங்க கேட்ட? அழுமூஞ்சிப் பாட்டுன்னு நீதான் வீட்டுக்குள்ளயே விட மாட்டியே."

அவள் சிரித்தாள். புது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவன் பதற, நடந்ததையெல்லாம் சொன்னாள். செல்வின் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"அம்மா மாதிரின்னு நெனச்சியா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நோலீன்?"

"சொன்னா நீயும் பயந்திருப்ப. வீட்டுக்கு ஒரு ஆள் பயந்தா போதும்."

அவன் எழுந்து தட்டை எடுக்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் வாங்கிய புத்தகம் ஒன்று பிரிக்காமலேயே கிடந்தது. இத்தனை நாளாக அதைத் தொடவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் புத்தகத்துக்கு இதுதான் ஜோடி, முடிக்கிறவரைக்கும் தட்டு இங்கேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். முடித்த பிறகும் அது திரும்பி வராது என்பது செல்வினுக்குத் தெரியும். பொட்டலத்தைப் பிரித்து ஒரு சீஸ் ரோலை அவளிடம் நீட்டினான்.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போன் செய்து, சோதனை வேண்டாம் என்றாள். போனை எடுத்த பெண், காரணம் பதிவு செய்ய வேண்டும் என்றாள்.

"அந்தப் பாட்டு என்னோடது இல்லம்மா, என் தம்பியோடது," என்றாள் நோலீன்.