பிள்ளையின் ஐ.சி. நம்பர்

அன்று காலை பத்துப் பேர் முன்னால் நின்றுகொண்டு நான் சொன்னது இது: “இப்படி ஒரு வெப்சைட் செஞ்ச ஆளு என் கையில கெடச்சா, மண்டி போட வெப்பேன்.” வகுப்பே சிரித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டிலும் அதுதான் புகார்.

வகுப்பு பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை. வருகிறவர்கள் எல்லாரும் புரோகிராமர்கள். வெப்சைட்டை ஓடவைக்கத் தெரியும், பூட்டத் தெரியாது. பூட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. அன்றைய பாடம், அடையாள அட்டையில் இருக்கும் ஐ.சி. நம்பரைப் பாஸ்வேர்டாக வைக்கும் நம் ஊர்ப் பழக்கம். கிளினிக்கில் கேட்டாலும் கொடுக்கிறோம், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் கொடுக்கிறோம், சமையல் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனால்கூட அதை எழுதிவிட்டுத்தான் உட்காருகிறோம். பன்னிரண்டு எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். மிச்சம் நாலே நாலு. வாசலில் ஒட்டியிருக்கும் வீட்டு நம்பரையே சாவியாகவும் வைத்துக்கொள்வது மாதிரி இது என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மண்டி வசனத்தை எடுத்துவிட்டேன்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

அவளை முதல் வகுப்பிலிருந்தே கவனித்து வந்தேன். முப்பது வயதிருக்கும். எல்லாரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தபோது நைசாக நழுவிப் போய்விட்டாள். என்ன இவளுக்கு இத்தனை பிகு என்று எனக்குக் கோபம். தேநீர் இடைவேளையில் அவளே வந்து சொன்னாள்: “கோவிச்சுக்காதீங்கக்கா. என் மூஞ்சி எங்கயும் வரக்கூடாது. நான் இப்ப மேருவுல குடியிருக்கறது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா பிள்ளைய தூக்கிட்டுப் போயிருவாரு.” அவளுடைய இடது மணிக்கட்டு முழுசாக மடங்காது. காரணத்தை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புருஷன் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருக்கிறான். கிட்டே வரக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. ஏழு வயது மகளை, இந்த விவரம் எதுவும் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, ரயிலேறி வகுப்புக்கு வருகிறாள். இதைப் படித்தால் நல்ல வேலை கிடைக்கும், சொந்தக் காலில் நிற்கலாம் என்பது அவள் கணக்கு.

அன்று மதியம் ஒரு மணிக்கு மற்றவர்கள் சாப்பிட இறங்கிவிட்டார்கள். அவள் மட்டும் கைப்பேசியை நீட்டியபடி வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“அக்கா, காலையில நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு இருக்கு. பண்டமாரான்ல இருந்தப்பலேர்ந்து என் பிள்ளை போற சனிக்கிழமை கிளாஸ். ஐ.சி. அடிச்சாப் போதும்.”

கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் நடத்தும் இலவச வகுப்பு அது. பண்டமாரானில் ஒரு மையம், மேருவில் ஒன்று, இப்படி ஏழெட்டு. அவள் காட்டிய பக்கத்தில் ஒரே ஒரு பெட்டி. பிள்ளையின் ஐ.சி. நம்பரை அடித்தாள். மகளின் பெயர், இப்போதைய மையம், வேன் வந்து ஏற்றுவதற்காக மேரு வீட்டு முகவரி, மாடி, கதவு எண், ‘சனி 2.30, கீழே காத்திருக்கவும்’ என்ற குறிப்பு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“பிள்ளையோட ஐ.சி. அவருக்கும் தெரியுமேக்கா. அப்பாதானே.”

 என் கண் பக்கத்தின் அடியில் போய் மாட்டிக்கொண்டது. மஞ்சள் பட்டை, அதன் மேல் பச்சை எழுத்தில் ‘படிப்பே பலம்’. அந்த அசிங்கமான மஞ்சளைத் தேர்ந்தெடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், காசு வாங்காமல் சேவை என்று ஒரு வாரத்தில் செய்துகொடுத்த வெப்சைட். செய்தேன், மறந்தேன். ஐயோ, அது இன்னுமா உயிரோடு இருக்கிறது!  

அவளை உட்காரச் சொல்லிவிட்டு, சங்கத்துச் செயலாளரைப் போனில் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் குரலைக் கேட்டு அவருக்கு ஒரே சந்தோஷம்.

“சார், அந்த வெப்சைட்ட உடனே மூடணும். யாரு வேணும்னாலும் பிள்ளைங்க வீட்டு அட்ரஸ பாக்கலாம்.”

“நம்ம ஆளுங்கதானேமா பாக்கறாங்க, பயப்படாதே லா. ஐ.சி. நம்பரு அம்மா அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும், அதனால பாதுகாப்புன்னு நீதானேமா அப்ப சொன்ன?”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆமாம், நான்தான் சொன்னேன். அதே வாயால்தான் சொன்னேன். “நானே மூடறேன் சார்” என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த வெப்சைட் இருக்கும் சர்வருக்குள் போக, பதினோரு வருடத்துக்கு முன் நான் வைத்த பாஸ்வேர்டை ஒரு நப்பாசையில் அடித்துப் பார்த்தேன். திறந்துகொண்டது. அத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட மாற்றவில்லை. பக்கத்தை இழுத்து மூடினேன். பிறகு, எந்தப் பக்கத்தை யார் எப்போது திறந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டை எடுத்து, அவள் மகளின் நம்பரைத் தேடினேன்.

“நீ இத எப்பெல்லாம் தொறந்த?”

“வருஷ ஆரம்பத்துல, அட்ரஸ் மாத்தறப்ப ஒரு தடவை. அப்புறம் இன்னிக்கித்தான்.”

அவள் திறந்ததும் சனிக்கிழமை வகுப்பு நேரத்துப் பதிவுகளும் போக, பதிவேட்டில் புதன்கிழமை காலை ஒரு முறை இருந்தது. வியாழன் இரண்டு முறை. இன்று காலை எட்டு மணிக்கு ஒரு முறை.

அவள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துப் படித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று முப்பத்தைந்து. பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாம் தடவை நான் வாங்கி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன்.

“சீக்கிரம் கிளப்பிட்டேன் மா,” என்றது அந்தக் குரல். “பிள்ளையோட அப்பா மேல வந்து சொல்லிட்டு, கீழ நிக்கிறாரு. அவரே கிளாஸ்ல விடறேன்னாரு. வேன் நேரம், கதவு நம்பரு எல்லாம் கரெக்டா சொன்னாரு, உனக்குத் தெரியும்போலன்னு நெனச்சேன்.”

“அனுப்பிட்டீங்களா?” என்று கத்தினாள். அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“இல்ல மா, இன்னும் ஒரு கால் சப்பாத்து போடல. எங்க கழட்டிப் போட்டுச்சுன்னு தேடிக்கிட்டு இருக்கு.”

கதவைப் பூட்டச் சொன்னோம். அவள் போலீஸைக் கூப்பிட்டு உத்தரவு விவரத்தைச் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். நான் வகுப்பை அப்படியே போட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

பெடரல் நெடுஞ்சாலையில் சனிக்கிழமை நெரிசல். பாதி வழியில் அந்த அக்கா மறுபடி பேசினார். கொஞ்ச நேரம் கதவைத் தட்டிக்கொண்டு இருந்தானாம், இப்போது சத்தமில்லையாம், பிள்ளை அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறதாம். அவள் போனை மடியில் வைத்தாள். அழவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “அந்த வெப்சைட் செஞ்சது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமாக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு கணம் அந்த நினைப்பும் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

“நான்தான் மா.”

அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

“மண்டி போட வெப்பேன்னு சொன்னீங்களே.”

“போடறேன்.”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றாள். அதற்குப் பிறகு மேரு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்கு உபதேசம் பண்ணித் தின்கிற எனக்கு, அந்த முக்கால் மணி நேரம் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

நாங்கள் போனபோது கீழே போலீஸ் வண்டி நின்றது. அவன் இல்லை. வண்டியைப் பார்த்ததும் ஓடிவிட்டான் என்றார்கள். தேடுவார்கள், ஆனால் இன்றிரவு இந்த வீட்டில் இருக்கவேண்டாம் என்றார் வந்திருந்த போலீஸ்காரம்மா. அந்த அக்கா வீட்டுக் கதவில் அவன் உதைத்த தடம் இருந்தது. பிள்ளை ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டது. அவள் அப்போதுதான் அழுதாள். நான் படிக்கட்டில் போய் நின்றுகொண்டேன். அங்கே நிற்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

“என் வீட்டுக்கு வாங்க,” என்றேன் கடைசியில். வேறு போக்கிடம் இல்லாததால் வந்தாள்.

சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடியின் வாசலில் காவலாளி காரை நிறுத்தினார். வெளியாள் யார் வந்தாலும் எழுதவேண்டும் என்று புதுச் சட்டம். பெரிய நோட்டை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாருடைய பெயரும், ஐ.சி. நம்பரும், போகும் வீட்டு எண்ணும் திறந்த பக்கத்தில் வரிவரியாகக் கிடந்தன. நாலு வருடமாக அந்த நோட்டை நான் தினமும் தாண்டிப் போகிறேன். ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

பின்சீட்டிலிருந்து பிள்ளை எக்கிக்கொண்டு வந்தது. “ஐ.சி.யா? எனக்குத் தெரியும், நான் சொல்றேன்!” வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் ஆரம்பித்தது. ஆறு எண் தாண்டுவதற்குள் அம்மா அதன் வாயைப் பொத்திவிட்டாள்.

“இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டாள்.

பிள்ளை அம்மாவின் விரல்களை விலக்கிக்கொண்டு சொன்னது: “சனிக்கிழமை கிளாஸ்ல மா. கம்ப்யூட்டர்ல இத அடிச்சாத்தான் என் பேரு வரும்.”