மணிக்கு ஒரு சுற்று

நுரைக்காரர் என்றால் அந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. காற்று ஊதும் தொட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே மிதக்கும் நுரையைப் பார்த்தே உள்ளே கழிவைத் தின்னும் கிருமிகள் பசியில் இருக்கின்றனவா, தின்றுவிட்டுத் தூங்குகின்றனவா என்று சொல்லிவிடுவார். பாதி நாள் தப்பாகத்தான் சொல்வார், அது வேறு விஷயம். ஆனால் அந்தத் தொட்டி மேல் மனிதருக்கு அப்படி ஓர் ஆசை. கல்யாண நாளை மறப்பார், தொட்டி கழுவிய நாளை மறக்க மாட்டார்.

அவர் தலையில்தான் இடி விழுந்தது. இனி ஆபரேட்டர்கள் எல்லோரும் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். தேறாதவர்களைத் தலைமை அலுவலகத்துப் புகார் மேசைக்கு மாற்றிவிடுவார்களாம். ஏசி அறை, சுழல் நாற்காலி, ஒரு தொலைபேசி. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவர் நேராக வீட்டுக்கு ஓடினார்.

“தொட்டிய விட்டுட்டு நான் எங்கடி போவேன்?” என்று மனைவியிடம் புலம்பினார்.

“எங்கயும் போக வேணாம். படிங்க. நான் கேள்வி கேக்குறேன்.”

படிப்பு ஏறாமல் இல்லை. சனியன் வேறு ரூபத்தில் வந்தது. இந்த வேலையில் மணிக்கு ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டும். பம்பைத் தொட்டுச் சூடு பார்ப்பது, தொட்டியை எட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து மூடுவது. வருஷக்கணக்காகப் போய்ப் போய், மணி அடித்தால் கால் தானாக எழுந்துவிடும். வீட்டிலும் அதே கதைதான். புத்தகத்தை விரித்து, சகதி எப்படிப் படிகிறது என்று வாசிக்கத் தொடங்குவார். கடிகாரத்தில் மணி அடிக்கும். எழுந்து போய்க் குளியலறை ஓட்டையைக் குனிந்து பார்த்து, தண்ணீர் மோட்டாரைத் தடவிவிட்டு, பக்கத்து வீட்டுச் சாக்கடை மூடியையும் ஒரு மிதி மிதித்துவிட்டு வருவார். வந்து உட்கார்ந்தால் படித்தது அத்தனையும் காற்றில் போயிருக்கும்.

மனைவி அவரை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டிப் பார்த்தாள். மணி அடித்தது. மனிதர் நாற்காலியோடு எழுந்து சுற்றிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தன் பாதங்களை அவர் பாதங்கள் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். வெங்காயம் நறுக்கியபடியே கேள்வி கேட்டாள். மணி அடித்தால் இன்னும் ஓங்கி அழுத்தினாள்.

“விடுடி, பம்பு சூடாயிடும்.”

“எந்தப் பம்பு? உக்காருங்க பேசாம!”

இப்படியே கால் வீங்கி வீங்கி, மனிதர் உட்காரக் கற்றுக்கொண்டார்.

பரீட்சை அன்று மண்டபம் நிறைய ஆபரேட்டர்கள். சுற்றுவட்டாரத்து நிலையங்கள் அத்தனையிலிருந்தும் வந்திருந்தார்கள். “நடுவுல எடத்த விட்டு எந்திரிச்சா பேப்பர வாங்கிடுவேன். பாத்ரூம் போறவங்க இப்பவே போயிட்டு வந்துடுங்க” என்றார் கண்காணிப்பாளர். பாவம், யாரை உட்கார வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. மண்டபமே எழுந்தது.

ஒருவர் ஏசி பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் மின்விசிறிச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். மற்றவர்கள் வரிசையாக வெளியே போய், பின்பக்கச் சாக்கடை மூடியைத் தூக்கிச் சுற்றி நின்றுகொண்டார்கள். “எங்க போறீங்க? யோவ், எங்கய்யா போறீங்க?” என்று கண்காணிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார். உள்ளே நுரைக்காரர் மட்டும் ஒரு காலால் மறு காலை மிதித்து, பல்லைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தார்.

போனவர்கள் திருப்தியாகத் திரும்பி வந்தார்கள். “எல்லாம் நல்லாருக்கு சார். பின்னாடி குழாய் ஒண்ணு அடைச்சிருந்துச்சு, எடுத்து விட்டுட்டோம்” என்றார் ஒருவர். கண்காணிப்பாளர் ஒவ்வொருவர் பேப்பராகப் பிடுங்கினார்.

நுரைக்காரர் தேறினார், அதுவும் மயிரிழையில். வீட்டில் மனைவி அழுதேவிட்டாள்.

இப்போது மேலிடத்தில் ஒரு சிக்கல். தோற்றவர்களை எல்லாம் மாற்றினால் அந்த ஒற்றைப் புகார் மேசையில் ஒருவர் மடியில் ஒருவர்தான் உட்கார வேண்டும், தொட்டிகளைப் பார்க்க ஒரு ஈ காக்கை இருக்காது. ஆகவே அவர்கள் அவரவர் இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் சான்றிதழ் பெற்றவர் ஒருவர் பொறுப்பு என்பது சட்டம். இருப்பதோ ஒரே ஒருவர். ஆகவே எல்லா நிலையங்களும் அவர் பொறுப்பு, எல்லோரும் கூப்பிட்டால் கிடைக்கும்படி அவர் தலைமை அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும்.

“வாழ்த்துகள்! போனை விட்டு அசையவே கூடாது” என்று கை குலுக்கினார் மேலாளர். புகார் மேசைக்கு அடுத்த மேசை. ஏசி, சுழல் நாற்காலி, தொலைபேசி. நுரைக்காரருக்கு வாய்விட்டு அழலாம் போல இருந்தது.

முதல் வாரமே பழைய நிலையத்துப் பம்புக்காரன் கூப்பிட்டான். “அண்ணே, நுரை பழுப்பா வருது. என்ன பண்ணட்டும்?”

“என்ன பழுப்பு?”

“பழுப்புண்ணே.”

“அடேய், எத்தன பழுப்பு இருக்கு! மினுங்குதா, மங்கலா இருக்கா?”

“அதெல்லாம் தெரியலண்ணே. நீங்கதான பாஸ் பண்ணவரு.”

நுரைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. பார்க்காமல் என்னத்தைச் சொல்வது? “போனைத் தொட்டிகிட்ட கொஞ்சம் பிடிப்பா” என்றார். காற்று ஊதும் இரைச்சல் கேட்டது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எல்லாரும் நல்லா இருக்கீங்களாடா?” என்று கடைசியில் கேட்டார்.

“நல்லா இருக்கோம்ணே. அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை இருக்காம். மணி அடிச்சதும் எந்திரிச்சுப் போயிடணும்னு எல்லாரும் பேசி வச்சிருக்கோம்.”